இறக்கத்தில் இருப்பவர்கள்

கால்வாயில் போன வருஷத்து மண் இறுகிக் கிடந்தது. வேலம்மாளின் மண்வெட்டி அதை வெள்ளை வெள்ளையாகப் பெயர்த்தது. பின்னால் சைனைடு மேடு. சுரங்கத்துக் கல்லை மாவாக அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிப்போன மேடு அது. மழை விழுந்தால் அந்த மாவு கரைந்து இறக்கம் தேடும். இறக்கத்தில் முதலில் இருப்பது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீடுகளின் கிணறு. அதற்குள் போகாமல் திருப்பிவிடத்தான் கால்வாய்.

"சீக்கிரம்கா, மேகம் ஏறுது," என்றான் பக்கத்து வீட்டு சுந்தரராஜ். பெங்களூர் வேலைக்கு லீவு போட்டிருந்தான். "சுரங்க ஆபீஸ்ல இன்னா சொல்றான் தெரியுமா? மேட்டச் சுத்தி சுவர் கட்ட எஸ்டிமேட் போயிருக்காம். எங்க போச்சோ, நடந்தே போவுது போல."

கால்வாய் ஓரமாக மமதா ஏறி வந்தாள். கீழ் ஊர்க்காரி, லைனில் பால் ஊற்றுகிறவள். கையில் வாளி. போன வாரத்து மழைக்கு அவர்கள் ஊர் ஏரியில், அவர்கள் சொல்லும் கெரெயில், சேர்ந்த தண்ணீர் நடந்துவந்த ஆட்டத்தில் சுண்ணாம்பாகக் கலங்கியிருந்தது. வாளியை வேலம்மாளின் காலடியில் வைத்தாள்.

"ஏன்கா, எங்க கெரெ உங்களுக்குக் குப்பைத்தொட்டியா? மீனெல்லாம் மல்லாந்து போச்சு. எருமை போட்ட கன்னும் தங்கல."

"அப்ப எங்க கிணத்துல வுட்டுக்கவா? அறுபது வூடு அதத்தான் குடிக்குது."

"என் எருமை கெரெயில குடிக்குது. அது பாலத்தான் உன் பேரன் குடிக்கிறான். திருப்பி விட்டா எங்க போவும்னு நெனச்சே?"

வேலம்மாள் ஏதோ சொல்லத் திரும்பி, வாளியைப் பார்த்தாள். சண்டை போட்ட நேரத்தில் மேலே ஒரு விரல் அளவு தெளிந்திருந்தது. ஓடும்போது மாவைத் தூக்கிப்போகும் தண்ணீர், நின்றால் கீழே போட்டுவிடும்.

"சுந்தரு, கால்வா நடுவுல பள்ளம் எடுப்போம். தண்ணி அதுல நின்னு போவட்டும்."

"தெளிஞ்சா விஷம் போயிடுமா?" என்றாள் மமதா.

"போவாது. மண்ணாச்சும் நிக்கும்."

மமதா முந்தானையைச் செருகிக்கொண்டு கரையில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். பள்ளம் இடுப்பளவு இறங்கியபோது மேட்டுக் காவலாளி பைக்கில் வந்து நின்றான்.

"யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க? மூடுங்க."

"வருசா வருசம் கால்வாய் வெட்றோம், ஒரு நாளும் உங்களக் காணோமே சார்?" என்றான் சுந்தரராஜ்.

"கால்வாய் வேற. பள்ளத்துல எவனாச்சும் வுழுந்தா என் வேலை போயிடும். மூடறீங்களா, ஸ்டேஷனுக்கு வரீங்களா?"

சுந்தரராஜ் மண்வெட்டியை வீசியெறிந்தான். வேலம்மாள் அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தோண்டிய மண்ணை மூவரும் உள்ளே தள்ளினார்கள். காவலாளி செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

"ஆபீசுக்கு அனுப்பணும். இந்தப் பக்கம் திரும்பும்மா, முகம் தெரியட்டும்."

திரையில் ஒரு துளி விழுந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தூக்கினான். அவனுக்குப் பின்னால் மேட்டின் முகத்தில் வெள்ளைக் கோடுகள் இறங்கத் தொடங்கின.

மமதா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஏரிக்கரையில் கட்டியிருந்த எருமையை அவிழ்க்க இறக்கத்தில் ஓடினாள். கால்வாயில் தண்ணீர் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.