முதல் அங்குலம் இல்லாத டேப்

"ஒரு அங்குலத்துல என்ன போயிடப் போகுது?"

அப்பா இப்படிக் கேட்டபோது சின்னவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தச்சுப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்க வந்த புதிது. அளவு டேப்பின் முனையில் ஒரு பெரிய கட்டை விழுந்து, கொக்கியோடு முதல் அங்குலமும் துண்டாகப் போயிருந்தது. "டேப் ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்குதுப்பா" என்று அவள் முணுமுணுத்ததற்குத்தான் அந்தக் கேள்வி. அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

அப்பா சொன்னதும் தப்பில்லை. பட்டறைக்கு இருந்தது அந்த ஒரே டேப். மூளி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். மூளியால் அளந்தால் நாற்பது நாற்பத்தொன்றாகத் தெரியும். அதே மூளியால் நாற்பத்தொன்று வைத்து அறுத்தால் நாற்பதுதான் வரும். இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சரியாகப் பொருந்திவிடும். எட்டு வருஷம் ஒரு கதவு இடித்ததில்லை, ஒரு மேசை ஆடியதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தபால்காரம்மாவின் மரம் வந்து சேர்ந்தது.

தபால்காரம்மாவுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கடிதம் கொடுக்க வந்தால் ஒன்பது வீட்டுச் சேதியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அவள் வீட்டு வாசலில் நின்ற மரம் புயலில் சாய்ந்தபோது, வண்டி வைத்து அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினாள்.

"முப்பது வருஷமா இதுல ஒரு ஆணி அடிச்சு என் பையை மாட்டியிருக்கேன். இனிமே இது என் வீட்டு வாசக்கதவு. வேற மரத்துல ஒரு சிராய் கலந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும், ஆமா!"

பலகை காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாரம் தவறாமல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாள்.

"காய்ச்சல் விட்டிருக்கு, ஈரம் இன்னும் விடல" என்பார் சித்தப்பா. ரம்பமும் அறுப்பும் அவர் பொறுப்பு.

கதவுக்குப் போக மிஞ்சியதைத் தபால்காரம்மா தெருவுக்கே முக்காலியாக அடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். துண்டு மிச்சமில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் வந்தார். மாமனாருக்கு என்று புது டேப் ஒன்று வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், பொத்தானை அமுக்கினால் சர்ரென்று உள்ளே ஓடும். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலை அளந்தார், குழம்புச் சட்டியை அளந்தார், தூங்கிய பூனையை வாலோடு ஒரு தடவை, வாலை விட்டு ஒரு தடவை அளந்தார்.

"மாமா, என்னையும் அளந்துடாதீங்க, பெருத்துட்டேன்" என்றாள் அண்ணி.

சித்தப்பா மட்டும் புதுசைத் தொடவில்லை. "எனக்கு மூளியே போதும். அவ என்னைக்கும் கைவிட்டதில்ல."

கதவு முடிந்தது. கருஞ்சிவப்பில், எண்ணெய் பூசியதும் கண்ணாடி மாதிரி மின்னியது. காலையில் தபால்காரம்மா வேலைக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுத்து, "சாயங்காலம் நான் வரும்போது என் கதவு நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா, சித்தப்பா, சின்னவள் மூவரும் கைவண்டியில் கதவைக் கொண்டுபோய், தூக்கி நிலையில் வைத்தார்கள்.

மேலே வெளிச்சம். பக்கத்திலும் வெளிச்சம். பூனை தலையைச் சாய்த்தால் நுழைந்துவிடலாம்.

"என்னடா அறுத்து வெச்சிருக்க?" என்றார் அப்பா.

"நீங்க எழுதிக் கொடுத்ததைத்தானே அறுத்தேன்? எண்பது, முப்பத்தாறு. இதோ சீட்டு!"

"நான் அளந்தது சரியா இருக்கு!"

"நான் அறுத்ததும் சரியாத்தான் இருக்கு!"

"அப்ப நிலை வளந்துடுச்சா?"

இரண்டு பேரும் குழாயடிச் சண்டைக்குத் தயாரானார்கள். சின்னவள் அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். சித்தப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"டேப் ரெண்டு" என்றாள்.

அவ்வளவுதான். அப்பா மஞ்சள் டேப்பை மெதுவாக இடுப்பிலிருந்து கழற்றினார். சித்தப்பா மூளியை வெளியே எடுத்து, அதன் மொட்டை முனையை விரலால் தடவினார்.

"அளந்தது புதுசு, அறுத்தது பழசு" என்றார் அப்பா. "கூட இருந்தா இழைச்சுத் தள்ளிடலாம். கம்மியா இருந்தா? அந்தம்மாவோட மரத்துல ஈர்க்குச்சி கூட இல்லையே. வேற மரத்தை ஒட்டி ஏமாத்தவும் எனக்கு மனசு வராது. இத்தனை நாள் காத்திருந்தாங்க, பாவம்."

சின்னவளுக்கு நாக்கு நுனி வரை ஒரு பேச்சு வந்தது. வழக்கமாக அதை விழுங்கிவிடுவாள். இன்று விழுங்கவில்லை.

"நாலு பக்கமும் அரை அங்குலம் ஒட்டினா போதும்பா. மரம் இருக்கு."

"எங்க?"

"அண்ணி துணி காயப்போடுற இடத்துல."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மரத்தை அறுத்த முதல் நாள், பட்டையோடு சீவித் தள்ளிய இரண்டு நீளமான ஓரப்பலகைகளை விறகுக்குப் போடாமல், கொல்லையில் கொடிக்கம்பமாக நட்டது அவர்தான். எட்டடிக்கு மேல் நீளம். ஒரு வருஷ வெயிலில் எலும்பாகக் காய்ந்திருக்கும்.

கதவைத் திரும்பக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். அண்ணி அப்போதுதான் ஒரு மூட்டை துணி துவைத்துக் காயப்போட்டு நிமிர்ந்திருந்தாள். அப்பா ஒரு கம்பத்தைப் பிடுங்க, சித்தப்பா மறு கம்பத்தைப் பிடுங்க, அத்தனை துணியும் மண்ணில் குப்புற விழுந்தது.

"ஐயோ, மாமா! பைத்தியம் புடிச்சிருக்கா ரெண்டு பேருக்கும்?"

"அப்புறம் நானே துவைச்சுத் தரேம்மா!"

"எதை அளந்து துவைப்பீங்க? புது டேப்பாலயா, பழசாலயா?" விஷயம் தெரிந்ததும் அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். பட்டை உரிக்க அவளே கத்தி கொண்டுவந்தாள்.

அளப்பதைச் சின்னவளிடம் விட்டுவிட்டார்கள். அவள் டேப்பே எடுக்கவில்லை. கதவையே படுக்க வைத்து, அதன் மேலேயே பலகையைக் கிடத்தி, பென்சிலால் கோடு போட்டாள். சித்தப்பா அறுத்தார். அப்பா இழைத்தார். பட்டைக்கு அடுத்த மரம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பசை தடவி, நான்கு பக்கமும் ஒட்டி, கிளாம்பு போட்டு இறுக்கியபோது மணி பதினொன்று. மூன்றரைக்குக் கழற்றினார்கள். கருஞ்சிவப்புக் கதவைச் சுற்றி மெல்லிய வெளுப்புக் கோடு.

"துணிக்குக் கரை வெச்சுத் தெச்ச மாதிரி இருக்கே! இதை ஏன் முதல்லயே செய்யல?" என்றாள் அண்ணி.

"முதல்ல எங்களுக்கு மூளை இல்லம்மா, மூளிதான் இருந்தா" என்றார் சித்தப்பா.

ஒட்டிய சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் மைபோல ஒரு கறுப்பு வட்டம். அதை அடிப்பக்கம் திருப்பிவிடலாமா என்று அப்பா கேட்டபோது, சின்னவள் வேண்டாம் என்று தலையாட்டி, தோள் உயரத்துக்கு வருமாறு வைத்திருந்தாள்.

தபால்காரம்மா வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்ததும், கதவு இந்த முறை நிலையில் சிக்கெனப் பொருந்தியது. கீழே மட்டும் லேசாக உரச, அப்பா ஒரே ஓர் இழை சீவினார். விரலால் தள்ளினால் போதும், திறந்தது.

தெருமுனையிலேயே தபால்காரம்மாவின் குரல் கேட்டது. யார் வீட்டு மாடு யார் தோட்டத்தில் புகுந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், வாசலில் நின்றாள். வாக்கியம் பாதியில் நின்றது.

கதவைத் தடவினாள். வெளுப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்லக் கொண்டுபோனாள். கறுப்பு வட்டத்தில் விரல் நின்றது. முப்பது வருஷ ஆணியின் துரு ஊறிய இடம். தோளிலிருந்த பையின் வாரை எடுத்து, பழக்கதோஷத்தில் அங்கே மாட்டப் போனாள். ஆணி இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

"பிடிச்சிருக்காம்மா?" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

தபால்காரம்மா கண் நிறைந்திருக்க, முகமெல்லாம் சிரிப்பாகச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தரையைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, என் சுத்தியல், உளியெல்லாம் உள்ள இருக்கு" என்று சித்தப்பா தொடங்கினார்.

தபால்காரம்மா கேட்டதாகவே தெரியவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.