வேலிக்கு வெளியே புகைக்கொட்டகை

நாலு இரும்புக் குழாய், மேலே ஒரு தகரம், நடுவில் மணல் நிரப்பிய வாளி. இதற்குப் பெயர் புகைபிடிக்கும் இடம். இதைத் திறந்து வைக்க ரிப்பன் வெட்டினார்கள், பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் வேறு. கொட்டகைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைக் கொண்டுபோய் அங்கே நட்டான் பாருங்கள், அவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

என் கடை அதற்கு நேர் எதிரே. பொன்ரிகி விமான நிலையத்துக்கு வந்து போகிற எல்லோருக்கும் தாபேயா கடையைத் தெரியும். மீனும் சோறும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, இளநீர், தாழை இலையில் சுருட்டுகிற கறுப்புப் புகையிலை. முன்பெல்லாம் பயணிகள் கூடத்துக்குள்ளேயே, 'புகைபிடிக்காதீர்' என்ற பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து ஊதுவார்கள். விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவன்கூட வாயில் சுருட்டோடுதான் ஊற்றுவான். பிறகு வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள், மயக்கம் போட்டு விழாத குறை. கூடத்துக்குள் கூடாது, ஓடுபாதைப் பக்கம் கூடாது, வேலிக்கு உள்ளே எங்குமே கூடாது, ஊத வேண்டுமானால் வெளியே கொட்டகைக்குப் போ என்று விதி போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

நல்ல விதிதான். ஆனால் வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அந்த மகராசன்கள் யோசித்தார்களா? எங்கள் தராவாத் தீவில் பாதிப் பேர் நிற்கிறார்கள். வழியனுப்ப, பொட்டலம் கொடுத்துவிட, சும்மா வேடிக்கை பார்க்க. வேலிக்கு உள்ளே இருக்கிற வரை ஒருவன் பயணி. வெளியே வந்துவிட்டால் அவன் யாருக்காவது உறவுக்காரன். உறவுக்காரனிடம் புபுசி கேட்கலாம்.

புபுசி என்று சொல்லிக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எதையும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வீடு வந்து சேர்ந்தார். என் தையல் மிஷின் அப்படித்தான் போனது, இரண்டு பன்றிகளும் அப்படித்தான் போயின. பொய் சொல்லக்கூடாது, என் கடைக்கு மேலே கிடக்கிற தகரமும் நான் புபுசி கேட்டு வாங்கியதுதான். 'இல்லை' என்று சொன்னவனை இந்த ஊர் அவன் பேரப்பிள்ளை காலம் வரை பேசும். அதனால் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரியலாம். கேட்ட பிறகு ஒளிய இடம் கிடையாது.

அன்றைக்குக் காலையில் தெபாவ் வந்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். தமானா தீவுக்காரன், என் கணவர் வழியில் எனக்கு மருமகன் முறை. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"என்னடா, ராத்திரி முழுக்கக் குடியா?"

"இல்ல அத்தை. ரெரே போயிட்டா."

"எங்க போயிட்டா?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ரெரே அவன் மகள். பதினோரு வயது. நேற்றுக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். விடிவதற்கு முன்னால்தான் தமானாவிலிருந்து போன் வந்திருக்கிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் நேரே விமான நிலையத்துக்கு ஓடி வந்துவிட்டான். தமானாவுக்கு வாரத்துக்கு ஒரு விமானம். அது இன்றைக்கு. அதிலும் ஒரே ஒரு சீட்டு அன்று காலையில்தான் காலியாகியிருந்தது. கவுன்டரில் இருக்கிற மேரே, விஷயத்தைக் கேட்டதும் அதை இவன் பேருக்குப் போட்டுவிட்டாள்.

"அவ அம்மா மண்ணப் போட்டு மூட விட மாட்டேங்கிறா, அத்தை. அப்பன் வந்து மூஞ்சியப் பாக்கட்டும்னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வெயில் தாங்காதுன்னு பெரியவங்க சத்தம் போடறாங்க. விமானம் வர்ற வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க."

"சரி, உள்ள போய் உக்காரு. வெளிய தலை காட்டாத."

"தெரியும் அத்தை."

மூட்டை ஒன்றும் இல்லை அவனிடம். எங்கள் விமானம் சின்னது, ஆளையும் சாமானையும் தராசில் நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். தராசில் ஏறி இறங்கினான், கூடத்துக்குள் போய் மூலையில் உட்கார்ந்தான். கூடத்துக்குச் சுவர் கிடையாது, கம்பி வலைதான். என் கடையிலிருந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும். அந்த முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

விமானம் தாமதம் என்றார்கள். எங்களுக்கு அது புதிதா என்ன. நான் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் தெபாவ் கூடத்துக்குள்ளேயே புகையிலையை எடுத்து இலையில் வைத்துவிட்டான். காவலாளி யூரியம் ஓடி வந்தான்.

"அண்ணே, இங்க கூடாது. கொட்டகைக்குப் போங்க."

"ஒரே ஒரு இழுப்புடா தம்பி."

"விதிண்ணே. என் வேலை போயிடும்."

துக்கத்தில் இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? எழுந்து வெளியே வந்தான்.

"டேய், சீக்கிரம் ஊதிட்டு உள்ள ஓடு. நிக்காத இங்க!" என்று கரண்டியை ஆட்டிக் கத்தினேன்.

தலையை ஆட்டினான். வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பற்ற வைத்தான். பாதி சுருட்டுக்கூட முடியவில்லை, அரொய்த்தா வந்துவிட்டாள்.

அரொய்த்தா என் வீட்டுக்காரருக்குத் தங்கை முறை. தெபாவுக்கு வேறு வழியில் அக்கா முறை. கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தமானாவில் புதிதாகக் கட்டிய ஊர்மண்டபத்தைத் திறக்கிறார்கள் என்று இரண்டு மாதமாகத் துணி தைத்துச் சேர்த்தாள். காலியாகும் சீட்டு தனக்குத்தான் என்று நம்பி வந்தவளிடம், வேறொருவருக்குப் போய்விட்டது என்று மேரே சொல்லியிருக்கிறாள். யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. யாருக்கு என்று மட்டும் இவளே விசாரித்துத் தெரிந்துகொண்டு கொட்டகைக்கு வந்தாள். கையில் துணிமூட்டை, பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி.

"அடடா, நம்ம தெபாவா! ஏன்டா தம்பி, என் வயித்துல அடிச்சவன் நீதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். தெபாவும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"தம்பி, அக்கா உன்கிட்ட புபுசி கேக்கிறேன். உன் சீட்ட எனக்குக் குடு. நீ அடுத்த வாரம் போய்க்க. மண்டபத்துக்கு இந்தத் துணி போகலைன்னா என் மானம் போயிடும்."

கொட்டகை முழுக்க ஆள். எல்லோர் காதிலும் விழுந்தது. தெபாவ் சுருட்டை மணலில் அழுத்தி அணைத்தான்.

"சரிக்கா. எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரும் கவுன்டருக்குப் போனார்கள். மேரே வாயைத் திறந்தாள். "அண்ணே, நீங்க..." என்று தொடங்கியவளைத் தெபாவ் ஒரு பார்வை பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேரை மாற்றி எழுதினாள். அரொய்த்தா தராசில் ஏறினாள், முள் அந்தக் கோடிக்குப் போனது. ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி வை என்றார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. பிறகு அவள் துணிமூட்டையோடு உள்ளே போனாள். தெபாவ் கொட்டகைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

நான் கரண்டியை வீசிவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? மகள் செத்துக் கிடக்கான்னு சொன்னா அவ கேப்பாளாடா?"

"கேட்டதுக்கப்புறம் சொன்னா, இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடும் அத்தை."

"ஆகட்டுமே!"

"எல்லாரும் இருந்தாங்க."

புதுச் சுருட்டு ஒன்று சுருட்டப் பார்த்தான். இலை கிழிந்தது. இன்னொரு இலை எடுத்தான், அதுவும் கிழிந்தது. புகையிலைத்தூள் முழங்காலெல்லாம் கொட்டியது. கப்பல் சரக்கையே தூக்குகிற கை அது.

அடுத்தவர் புபுசியில் குறுக்கே வாய் வைக்கக்கூடாது. வைத்தால், கொடுத்தவனுக்குக் கொடுக்க மனமில்லை என்று ஊருக்கு அறிவித்த மாதிரி. எனக்குத் தெரியாதா இது? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அந்தக் கிழிந்த இலையைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. அப்போதுதான் மண்டையில் ஒன்று பட்டது. குறுக்கே பேசத்தானே கூடாது, கேட்கலாமே?

வேலிக்கு ஓடினேன். விமானம் வந்து நின்று, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அரொய்த்தா வரிசையில் கடைசி.

"அரொய்த்தா! இங்க வா!"

"என்ன அண்ணி, ஏறப்போறேன்."

"வாடீன்னா!"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"உன்கிட்ட புபுசி கேக்கிறேன். உன் சீட்ட எனக்குக் குடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைய யாரு பாத்துக்குவா? நீங்க எங்க போகப்போறீங்க?"

"குடுப்பியா, மாட்டியா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. பாவம், இரண்டு மாதத் தையல். ஆனாலும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஏறுவதற்கான அட்டையை வலை இடுக்கு வழியாக நீட்டினாள். "எடுத்துக்குங்க அண்ணி."

"எனக்கில்லடி. அவனுக்கு. அவன் மக ரெரே நேத்து செத்துட்டா. இன்னிக்கி மூடறாங்க."

அரொய்த்தா வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! பாவி, சொல்லலியே! சிரிச்சானே! தெபாவ், ஓடியாடா! ஓடியா!"

தெபாவ் ஓடி வந்தான். வாசலில் யூரியம் சங்கிலியைப் போட்டுவிட்டான்.

"முடிஞ்சிடுச்சு சித்தி. எடைப் பட்டியல் பைலட் கைக்குப் போயிடுச்சு. அதுல அரொய்த்தா அக்கா பேர்தான் இருக்கு. வெளிய போனவர உள்ள விடணும்னா மறுபடி நிறுக்கணும், மறுபடி சோதனை போடணும்."

"போடேன்டா! யாரு வேணாம்னா?"

"கேட்டை மூடியாச்சு."

விமானத்தின் காற்றாடி சுற்றத் தொடங்கியது. நான் சங்கிலியைப் பிடித்தேன். யூரியம் என் அக்கா மகன். பிறந்தபோது முதலில் குளிப்பாட்டியவள் நான்.

"யூரியம், உன்கிட்ட நான் புபுசி கேக்கிறேன். இந்தக் கதவத் திற."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். "யூனிஃபார்ம் போட்டிருக்கேன் சித்தி. முடியாது."

முடியாது. என் வாழ்க்கையில் என் முகத்துக்கு நேரே புபுசிக்கு இந்தப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான். பயிற்சிக்கு ஃபிஜி அனுப்பினார்களே, அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைத் தெபாவுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா? நான் யூரியமைத் திட்டாத திட்டு இல்லை. அவன் அழுதான். அழுதுகொண்டே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அரொய்த்தா அக்கா, நீங்களாவது ஏறுங்க. உங்க பேர்தான் இருக்கு. சீட்டு வீணாப் போகுது."

"அது என்னுது இல்லடா," என்றாள் அவள். "நான் குடுத்துட்டேன்."

"நீங்க ஏறுங்கக்கா," என்றான் தெபாவும்.

அவள் துணிமூட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டவள் என்ற பேர் அவளுக்கும் வேண்டாம். படிக்கட்டை மடித்தார்கள். விமானம் ஓடி, எழும்பி, தென்னைகளுக்கு மேலே போய்விட்டது.

அதன்பிறகு கடையைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை, மூடவும் தோன்றவில்லை. மீன் கருகிப்போனது. மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஊதினார்கள், யாரோ போனார்கள். தெபாவ் தன் போனை எடுத்து வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது அரொய்த்தாவின் போன் அடித்தது. தமானா ஓடுபாதையில் இருக்கிற எழுத்தரின் நம்பர். அரொய்த்தா அதைத் தெபாவிடம் நீட்டினாள். அவன் வாங்கி, பெயரைப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தான்.

"நீங்க பேசுங்க அத்தை."

அவன் மனைவி மோயாதான், என் குரல் அவளுக்குத் தெரியும். அழவில்லை. அழுது முடித்த குரல்.

"அத்தை, எல்லாரும் இறங்கிட்டாங்க. அவர் இறங்கல."

"ஆமாம்மா."

"தூங்கிட்டாரோன்னு ஏணி வரைக்கும் போய் உள்ள எட்டிப் பாத்தேன். ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. அது யாரோடது அத்தை?"

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். சந்தையில் என்னிடம் வாய் கொடுக்க ஆள் கிடையாது.

"அவனோடதுதாம்மா."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. குழந்தைகள் விமானத்தைச் சுற்றிக் கத்துகிற சத்தம் கேட்டது.

"சரி அத்தை. மூடச் சொல்லிடறேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

தெபாவ் என் முகத்தைப் பார்த்தான். நான் போனை அரொய்த்தாவிடம் கொடுத்தேன். தன் புகையிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கயிற்றை முடிபோட்டான், அவிழ்த்தான்.

அப்போது ஓர் ஆள் கொட்டகைக்குள் வந்தார். வேறொரு தீவுக்குப் போகிற விமானத்துக்கு மகனை வழியனுப்ப வந்த வடக்குப் பக்கத்துக்காரர். நடந்தது எதுவும் தெரியாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தெபாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ தமானா தெபாவ்தானே? உங்க அப்பாவும் நானும் ஒண்ணுவிட்ட சொந்தம். தம்பி, உன் புகையிலைய ஒரு புபுசி."

தெபாவ் சிரித்தான். பையைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தான்.