அவளுக்கு எத்தனை சிசி?

1

இந்தக் கதை என் இடது மணிக்கட்டில் தொடங்கியது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எக்ஸ்ரே அறையில் ஒரு பெண் என் கையைக் குளிர்ந்த பலகையின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டு, "அசையாதீங்க" என்றாள். தடுப்புக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்திவிட்டு வந்தாள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று சொல்வாள் என்று பார்த்தால், கேட்டது வேறு.

"சார், நீங்க கதை எழுதுறவர்தானே? பைக் பத்தி ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாதே."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்லிக் கொழப்பிட்டாங்க" என்றவள், அடுத்த நோயாளி கதவைத் தட்டும் வரை மூச்சுவிடாமல் பேசினாள்.

எனக்கு வெறும் சுளுக்குத்தான். இருந்தாலும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசிப் பகுதி தவிர, பத்து நாட்கள் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்த கதை இது. நடுவில் அறுந்து கிடக்கும் வாக்கியங்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு கையால் எழுதுகிறவனுக்கு அழிப்பதும் வேலைதான்.

2

எப்படித் தொடங்குவது?

"நாற்பத்து மூன்றாம் வயதில் அவளுக்குள் ஏதோ ஒன்று உறுமத் தொடங்" — வேண்டாம். அவளுக்குள் எதுவும் உறுமவில்லை. வேலை பிடித்திருந்தது, வீடு பிடித்திருந்தது, மதியம் தூக்கம் வந்தது.

"ட்ரையல்ஸ் என்பது மோட்டார் சைக்கிள் விளையாட்டுகளில் ஒரு வகை. அதில் வேகத்துக்கு" — இது பாடப்புத்தகம்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் அவளுடைய எக்ஸ்ரே அறைக்கு வெல்டர் ஒருத்தி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, பூட்ஸ் நிறைய சேறு, வீங்கிய கை. வலியில் முனகுகிறவர்களையே பார்த்துப் பழகிய அறை அது. இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி விழுந்தீங்க?"

"பாறை ஏறும்போது."

"மலையேற்றமா?"

"பைக்ல" என்றாள் வெல்டர். நம்பாத முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல கையால் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள்.

சீட்டே இல்லாத ஒரு வண்டி. ஓட்டுகிறவர் மிதிகளின் மேல் நின்றுகொண்டே நடக்கிற வேகத்தில் வருகிறார். எதிரில் மார்பு உயரத்துக்கு ஒரு பாறை. வண்டி அதன் முன்னால் யோசிப்பதுபோல் நிற்கிறது, முன்சக்கரம் தூக்குகிறது, அடுத்த நொடி உச்சியில் நிற்கிறது. கால் கீழே படவில்லை. அங்கேயே அசையாமல் நிற்கிறது, யாரோ வழிவிடட்டும் என்பதுபோல.

அவள் மூன்று முறை பார்த்தாள். வெளியே காத்திருந்தவர் இருமிக் காட்டினார். நான்காம் முறையும் பார்த்தாள்.

"இதுல முதல்ல யார் வர்றாங்க?"

"யாரும் முந்த வேண்டாம் மேடம். கால் ஊனாம போய்ச் சேரணும், அவ்வளவுதான். ஒரு தடவை ஊனினா ஒரு புள்ளி. புள்ளி குறைச்சலா வாங்கினவங்க ஜெயிச்சவங்க."

வேகமே இல்லாத பைக் விளையாட்டு! கை கால் எல்லாம் பரபரத்தது அவளுக்கு. வெல்டரின் கையைப் பலகையில் வைத்து "அசையாதீங்க" என்ற அதே மூச்சில், எங்கே ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் நின்றாள். அன்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள்: வண்டி வாங்க வேண்டும். எந்த வண்டி என்பதுதான் தெரியவில்லை.

3

(முதல் வரைவில் அவளை "அவள்" என்றும் கணவனை "அவர்" என்றும் எழுதியிருந்தேன். பழக்க தோஷம். இப்போது அவனையும் கீழே இறக்கிவிட்டேன். அவன் கணக்கு வாத்தியார். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டான்.)

கணவனை முதலில் வில்லனாக்கினேன். "'இந்த வயசுல உனக்கு இது தேவையா?' என்று அவன் சீறி" — இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். கட்டைக் காட்டப் போன அன்று அவளிடமே கேட்டேன்.

"ஐயோ, அவர் அப்படியெல்லாம் சொல்லல சார். பயந்துட்டார். பயந்தா அட்டவணை போடுவார்."

போட்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை விரித்தான். இன்ஜின் அளவு, குதிரைத்திறன், வண்டி எடை, அவள் எடை, ஒன்றை ஒன்றால் வகுத்து வந்த விடை.

"நூத்தி இருபத்தஞ்சு சிசி. உன் எடைக்கு அதுவே தாராளம். சக்தி கம்மி, ஆபத்தும் கம்மி."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து சேர்ந்தான். நெடுஞ்சாலையில் பெரிய பைக் ஓட்டுகிறவன். வீட்டுக்குள் வந்த பிறகும் பத்து நிமிடம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருப்பான்.

"நூத்தி இருபத்தஞ்சா? அண்ணி, அது சின்னப் பசங்க வண்டி. முன்னூறு எடுங்க. பழகினப்புறம் பத்தலையேன்னு அழக்கூடாது பாருங்க."

"பழகறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு யோசிச்சியாடா?" என்றான் கணவன்.

"அண்ணே, ஒரே மூச்சுல பாறைமேல போய் நிக்கும்."

"வண்டி நிக்கும். இவ?"

அவள் சிரித்துவிட்டாள். கணவன் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இருபது வருஷமா நீ வீட்டுக்கு வந்து உடைஞ்ச எலும்பைப் பத்தித்தான் சொல்ற. மணிக்கட்டு, தோள்பட்டை, முட்டி... எனக்குப் பேர் எல்லாம் மனப்பாடம். இப்ப நீயே..."

வாக்கியத்தை அவன்தான் விட்டான், நான் அறுக்கவில்லை.

அவள் அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. ரெண்டு பேருமே வாங்க. ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றாள்.

4

இப்போது குவாரி. எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது, கட்டுப் போட்ட கை உட்பட.

வெல்டர், வீக்கம் வடிந்த கையோடு, தன் வேனிலிருந்து மூன்று வண்டிகளை இறக்கினாள். நண்பர்களிடம் இரவல் வாங்கியவை: முன்னூறு, நூற்று இருபத்தைந்து, நடுவில் இருநூற்று ஐம்பது. எது நல்லது என்று கொழுந்தன் கேட்டதற்கு, "ஓட்டப்போறது நீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். 

முதலில் முன்னூறு. ஒரு சிறிய மண்சரிவு. அவள் மிதிகளின் மேல் நின்றாள். வெல்டர் சொன்னபடி, வேகம் கூட்டும் த்ராட்டில் கைப்பிடியைத் தொட்டாள். தொட்டாள் என்றுதான் நினைத்தாள். வண்டி கிளம்பிவிட்டது, அவள் கிளம்பவில்லை. மணிக்கட்டையும் இன்ஜின் சுவிட்சையும் இணைத்திருந்த பாதுகாப்புக் கயிறு பிடுங்கிக்கொண்டதும் இன்ஜின் அணைந்தது. வண்டி மேலே போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவள் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

கணவனின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடி வந்தான். வந்து பார்த்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"பார்த்தீங்களா? என்னை விட்டுட்டு அதுவே போயிடுச்சுங்க!"

"அடுத்தது நூத்தி இருபத்தஞ்சு" என்றான் அவன், ஆசிரியர் குரலில்.

(இங்கே ஒரு வாக்குமூலம். நூற்று இருபத்தைந்துதான் ஜெயிக்கும் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். புதிதாகப் பழகுகிறவளுக்குச் சின்ன வண்டி. அடக்கமான கதை, அழகான கதை. ஆனால் நடந்தது வேறு.)

நூற்று இருபத்தைந்து சாதுவாக இருந்தது. சமதரையில் சொன்னபடி கேட்டது. முழங்கால் உயரப் பாறை வந்தது. மெதுவாகப் போனாள், மெதுவாகக் க்ளட்ச்சை விட்டாள். முன்சக்கரம் ஏறியது, இன்ஜின் உயிரை விட்டது. மறுபடியும். ஐந்து முறை.

"கத்த விடு! இன்ஜினை நல்லாக் கத்த விட்டுட்டு அப்புறம் க்ளட்ச்சை விடு" என்றாள் வெல்டர். "சின்ன இன்ஜின். வேகமாச் சுத்தினாத்தான் அதுக்குத் தெம்பு."

ஆறாவது முறை கத்த விட்டாள். அந்தச் சத்தத்தில் தோள் விறைத்தது, கண் மூடிக்கொண்டது, பாறைக்குப் பக்கத்தில் இருந்த முட்புதருக்குள் போய் இறங்கினாள்.

முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இது வராதோ?" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி, கணவன் கேட்டதே இல்லை.

அவன் சுற்றிலும் பார்த்தான். கொழுந்தன் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒண்ணு இருக்கே" என்றான் கணவன். பிறகு, தான்தான் அதைச் சொன்னோமா என்று திகைத்தான்.

5

இருநூற்று ஐம்பது.

வெல்டர் ஹாண்டில்பாரில் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினாள். சக்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் சுவிட்ச். "கத்த விட வேண்டாம். உன் இஷ்டப்படி மெதுவா வா" என்றாள்.

வந்தாள். இன்ஜின் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாறைக்கு முன்னால் அசையாமல் நின்றாள்: ஒரு நொடி, இரண்டு நொடி. முந்தைய ஞாயிறு வந்தவர்கள் எல்லாம் தள்ளாடிக் கால் ஊன்றிய இடம். அசையாமல் இருப்பது எப்படி என்று நாளெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்கிறவள் அவள். பிறகு த்ராட்டிலை ஒரு நூல் திருகினாள். கேட்டதை மட்டும் கொடுத்தது வண்டி. முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறியது. அவளும் ஏறியிருந்தாள்.

"ஏறிட்டேன்!" என்று அவள் கத்தியது குவாரியின் நான்கு சுவரிலும் முட்டித் திரும்பி வந்தது. கொழுந்தன் விசிலடித்தான்.

வெல்டர் கணவனிடம் சொன்னாள்: "சின்ன இன்ஜினை மிரட்டி வேலை வாங்கணும் சார். முன்னூறு நம்மளை மிரட்டும். இவங்களுக்கு மிரட்டவும் தெரியல, மிரளவும் பிடிக்கல. கை அவ்வளவு பதமா இருக்கு. அதுக்கு இதுதான் சரி. த்ராட்டிலையும் கொஞ்சம் மந்தமா மாத்தித் தர்றேன்."

"அப்ப இருநூத்தி அம்பதுதான் எல்லாப் புதுசுக்கும் நல்லதா?"

"இவங்களுக்கு."

அவன் மனைவியின் பையிலிருந்து அட்டவணையைத் தேடி எடுத்தான். வேனின் பக்கவாட்டில் வைத்து, கடைசிக் கட்டத்துக்கு அடுத்து ஒரு கோடு இழுத்து, புதிய கட்டத்தின் தலைப்பில் "கை" என்று எழுதினான். அதற்குக் கீழே என்ன எண் போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடினான்.

வண்டி வாங்கியாயிற்று. இருநூற்று ஐம்பதுதான்.

6

நான்கு மாதம் கழித்துப் புதியவர்களுக்கான போட்டி. என்னையும் கூப்பிட்டாள், போனேன். முடிவைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம் என்ற பேராசை.

வீட்டில் இரண்டு முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் எல்லாப் பாறைகளையும் கால் படாமல் தாண்டுகிறாள், எல்லோரும் கை தட்டுகிறார்கள், திகட்டியது. இன்னொன்றில் விழுந்து, தன் அறையில், தன் பலகையிலேயே கை வைத்துப் படுக்க, யாரோ அவளிடம் "அசையாதீங்க" என்கிறார்கள். கச்சிதமாக இருந்தது. அந்தக் கச்சிதத்துக்காகவே கிழித்துப் போட்டேன். கதைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தியின் கையை உடைப்பதா?

போட்டியில் ஒவ்வொரு தடையருகிலும் நடுவர் ஒருவர் நிற்பார். ஆள் போதவில்லை என்று கடைசிப் பாறைக்கு அவள் கணவனை நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுகிறவர் தாண்டி முடித்ததும் அவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். எத்தனை முறை கால் பட்டதோ அத்தனை விரல். படவே இல்லையென்றால் மூடிய கை.

"உங்க சம்சாரம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பட்டா பட்டதுதான் சார்" என்றான். 

அவள் வந்தாள். பாறை இடுப்பு உயரம், மேலே ஈரம். முன்னால் நின்றாள். எத்தனை நொடி என்று சொல்ல முடியாது. எண்ண மறந்துவிட்டேன். இன்ஜின் முணுமுணுத்தது. ஏறினாள். பாதியில் பின்சக்கரம் வழுக்கியது, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, அவளுடைய இடது பூட்ஸ் மிதியைவிட்டு விலகியது —

சரியாக அந்த நேரத்தில் நான் பாறையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனின் கெட்ட புத்தி. அவன் கண் இமைக்காமல், தரைக்கும் அந்தப் பூட்ஸுக்கும் நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஜின் சத்தம் உச்சிக்குப் போய் அடங்கியது. மேலே வண்டி நின்றது, அவளும் அதன்மேல் நின்றாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள்.

அவன் கை மேலே போனது.

நான் இன்னும் தலையைத் திருப்பவில்லை; அவன் காட்டியது எனக்குத் தெரியும், பூட்ஸ் பட்டதா என்பதுதான் தெரியாது. நீங்கள் பாறைப் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சொல்லுங்கள், உங்கள் கணக்கில் எத்தனை விரல்?