பாதிக் கால் ஆக்ஸிலரேட்டரில்

டிரைவிங் டெஸ்டில் சொந்த வண்டி இரண்டு தடவை நின்றுபோனதற்குத் தையல்காரி தன் காலைத்தான் திட்டிக்கொண்டாள். நிறுத்தக் கோட்டருகே ஒரு தடவை, திருப்பத்தில் ஒரு தடவை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷர் மெக்கானிக் ஆயிற்றே, காரணம் சொன்னார்.

"கிளட்ச்சை உதைச்சு விடற. பூ மாதிரி விடணும். நான் ஓட்டறப்ப ஒரு நாளாவது நின்னிருக்கா?"

நின்றதில்லைதான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

நாளைக்கு மறுபடி டெஸ்ட். இதிலும் நின்றால் ஸ்டியரிங் பக்கமே வரமாட்டேன் என்று வீராப்பாக வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். சொன்னபடி விட்டுவிட்டால் பழைய கதைதான். பள்ளிச் சீருடைகளைத் தைத்து மூட்டை கட்டி வாசலில் வைத்துக்கொண்டு, அவர் ஷெட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். "இதோ வந்துட்டேன்" என்பார். அந்த 'இதோ' முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளியில் பேச்சு வாங்குவது அவள். இன்னொருவர் காலை நம்பிப் பிழைப்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

மதியம் இருவரும் துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் ஓட்டினார். சிக்னலில் பிரேக் போட்டதும் பையிலிருந்து ஒரு நூல்கண்டு உருண்டு அவர் காலடிக்குப் போய்விட்டது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

"என்ன, கிடைக்கலையா?"

"நூல் கிடக்கட்டும். ஒரே காலால ரெண்டு பெடலை ஏன் மிதிக்கிறீங்க?"

"நான் எங்க மிதிக்கிறேன்?"

அவரும் குனிந்து பார்த்தார். வலது பாதத்தில் பாதி பிரேக்கில் இருந்தது. மீதிப் பாதி, கேட்பாரில்லாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. யாருடைய காலோ என்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து விலக்கினார். எஞ்சின் குலுங்கியது, இருமியது, நின்றேவிட்டது. பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை அழுத்தித் தீர்த்தார்கள்.

"பூ மாதிரி எடுத்திருக்கணும்" என்றாள் அவள்.

கடைத்தெருவில் அவருக்குப் பேரே 'காது'தான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைக் கால் ஏமாற்றிவிட்டது. வண்டி சாகப்போகும் நேரமெல்லாம் கால் தானாக உயிர் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பிறகு காது எதைக் கேட்கும்?

ஷெட்டுக்குப் போனதும் வாயைத் திறக்காமல் பானெட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேருமிடத்தில் கார்ப் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே போனார். கடைசி மூலையில் அடித்ததும் அது உள்ளே இழுபட்டு எரிய, தடுமாறிய எஞ்சின் சட்டென்று நிமிர்ந்து ஓடியது.

"இங்கதான் கள்ளக்காத்து உள்ள போகுது. கேஸ்கெட் போச்சு. அதான் காலை எடுத்தா நின்னுடுது."

கழற்றிப் பார்த்தபோது, இடைவெளியை அடைக்க வேண்டிய அந்தக் கேஸ்கெட் அப்பளமாக விறைத்து, மூலையில் கிழிந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"போன வருஷம் இதைக் கழட்டினப்ப பழசையே திரும்பப் போட்டுட்டேன். நம்ம வண்டிதானேன்னு..."

"அடுத்தவங்க வண்டின்னா?"

"புதுசுதான் போடுவேன்."

"அப்ப நான் அடுத்தவளா இருந்திருந்தா போன தடவையே பாஸ் பண்ணியிருப்பேன்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது நிற்கவில்லை, உள்ளேயிருந்து பொங்கிய சந்தோஷம் அதைத் தள்ளிவிட்டது. தன் காலில் ஒரு குற்றமும் இல்லை! எத்தனை நாள் அந்தக் காலை வைது தீர்த்தாள்!

அவர் ஒட்டியிருந்த கறுப்பையெல்லாம் கீறல் விழாமல் சுரண்டினார். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்க இன்னும் இருக்கு" என்று ஏவிக்கொண்டிருந்தாள். ஏவுவது நன்றாகத்தான் இருந்தது. ஒட்டுப் பேஸ்ட் ட்யூபை அவள் எடுத்துக் கொடுக்க, அவர் வேண்டாமென்றார்.

"இதுக்குப் பேஸ்ட் கிடையாது. சேர்ற முகம் சுத்தமா இருந்தா கேஸ்கெட்டே பிடிச்சுக்கும்."

புது கேஸ்கெட்டை வைத்து, நடு போல்ட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக முறுக்கினார். ஒரே மூச்சில் முறுக்கினால் ஓரம் தூக்கிக்கொள்ளுமாம். பெரிய துணிக்கு அவள் குண்டூசி குத்துவதும் நடுவிலிருந்துதான்.

எஞ்சின் ஓடியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"உன் மெஷின் மாதிரி ஓடுது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு மன்னிப்பு வராது என்று அவளுக்குத் தெரியும். போதும் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அதே அதிகாரி, அதே கோடு. நிறுத்தினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, எஞ்சின் அலட்டிக்கொள்ளவில்லை. திருப்பத்திலும் நிற்கவில்லை. "நல்லாப் பழகியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "ஆமாங்க, வண்டி பழகிடுச்சு" என்றாள். அவருக்குப் புரியவில்லை, பாஸ் போட்டுவிட்டார்.

அங்கிருந்து பள்ளிக்கு அவளே ஓட்டினாள். பின்சீட்டில் இரண்டு சீருடை மூட்டைகள், பக்கத்தில் வீட்டுக்காரர். சிக்னல் சிவப்பானது. வண்டியை நிறுத்தினாள், எஞ்சின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். பெடல் ஒன்றும் இல்லாத இடத்தில், அவருடைய வலது கால் தரைவிரிப்பை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுங்க" என்றாள். "வண்டி நிக்காது."