ருமேனியா ராடு

லக்ஷ்மிநாராயணன் பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனார். ஆன கையோடு தெரு நாய்களுக்கு எதிரியும் ஆனார். குரோம்பேட்டையில் அவருடைய தெருவில் ஒரு நாய் சும்மா படுத்துத் தூங்கினால்கூட, அதைப் போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்பிவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பார். இரண்டாம் மாடி கோகிலவாணி டீச்சர் அந்த நாய்களுக்குச் சோறு வைக்கிறார் என்பதற்காக அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் நித்யஸ்ரீ, ஜெர்மனியிலிருந்து சென்னைக்கு வேலை மாற்றலாகி வந்தபோது, கூடவே ஒரு நாயையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பெயர் ராடு.

லக்ஷ்மிநாராயணனுக்குப் பெருமை தாங்கவில்லை. கூண்டைத் திறந்தபோது மட்டும் கொஞ்சம் துணுக்குற்றார். செம்பழுப்பு நிறம், சுருண்ட வால், மடிந்த ஒற்றைக் காது. பல்லாவரம் சந்தையில் மீன் கடைப் பக்கம் எங்கோ பார்த்த முகம். ஆனாலும் சொந்தமாகப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாயைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு ஜெரோம் நாயைப் பார்க்க வந்து, அதை மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஐரோப்பிய மலை வெரைட்டி சார். அங்கயே ரொம்ப ரேர்," என்று லக்ஷ்மிநாராயணன் அளந்துகொண்டிருந்தபோது, கோகிலவாணியும் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன ப்ரீடும்மா இது?"

நித்யஸ்ரீக்குப் பொய் வராது. "ப்ரீடெல்லாம் இல்ல ஆன்ட்டி. ருமேனியால ஒரு பஸ் ஸ்டாண்டுல அடிபட்டுக் கிடந்தது. காப்பாத்தி ஜெர்மனிக்கு அனுப்பினாங்க. நான் தத்து எடுத்துக்கிட்டேன். தெரு நாய்தான்."

ஜெரோம் நாயை மெதுவாக மடியிலிருந்து இறக்கிவிட்டுப் பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"ருமேனியா தெரு வேற, நம்ம தெரு வேற," என்றார் லக்ஷ்மிநாராயணன். "அங்க தெருவெல்லாம் நம்ம வீட்டு ஹால் மாதிரி இருக்கும்."

ஒரு வாரம் கழித்து, நித்யஸ்ரீ ஆபீஸ் போயிருந்த நேரம், லக்ஷ்மிநாராயணன் ராடுவைக் குளிப்பாட்டலாம் என்று கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ஷாம்பூவை எடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான். ராடு படியிறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவில் பறந்துவிட்டது. அவர் மாதக்கணக்காகப் போன் போட்டுக் கூப்பிட்ட நாய் பிடிக்கும் வண்டி, இத்தனை நாளும் வராமல், அன்றைக்குப் பார்த்துத் தெருமுனையில் நின்றிருந்தது.

இடுப்பில் கட்டிய துண்டோடு ஓடினார். அதற்குள் ராடு வலையில் சிக்கி, வண்டிக் கூண்டுக்குள் போய்விட்டது.

"தம்பி, அதுல ஒண்ணு என்னோடது! ஃபாரின் நாய்!"

வலைக்காரர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "எது சார் ஃபாரினு? எல்லாம் ஒரே மாரி கீது."

லக்ஷ்மிநாராயணன் கம்பியில் முகத்தைப் பதித்துத் தேடினார். செம்பழுப்பில் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் வால் சுருண்டிருந்தது, இரண்டுக்கும் ஒரு காது மடிந்திருந்தது. சாயங்காலம் மகள் வந்து கேட்டால் என்ன சொல்வது? போனில் கூப்பிட்டார். அவள் மீட்டிங்கில் இருந்தாள், எடுக்கவில்லை.

"ராடு! கோம், ராடு, கோம்!" மகள் கற்றுக்கொடுத்த ஜெர்மன்.

ஒன்று வாலை ஆட்டியது. அதைப் பார்த்து இன்னொன்றும் ஆட்டியது.

"ஸிட்ஸ்!" என்று கத்தினார். இரண்டும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தன.

"இன்னா சார், பேஜார் பண்ணிகினு. போன் மேல போன் போட்டு வண்டிய வரச் சொன்னதே நீதானே?"

பால்கனிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உள்ளேயிருந்து நான்கு கண்கள் அவரையே பார்த்தன. இதில் ஒன்றை விட்டுவிட்டுப் போய், அதுவே ராடுவாக இருந்துவிட்டால்?

"ரெண்டுமே என்னோடதுதான்," என்றார்.

சாயங்காலம் நித்யஸ்ரீ கதவைத் திறந்ததும் ராடு அவள் மேல் தாவியது. மற்றது சோபாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இது யாருப்பா?"

நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"சரி, அதைக் கொண்டுபோய் விட்டுடலாமா?"

"இப்ப தூங்கறது. எழுந்ததும் பாத்துக்கலாம்."

அது எழுந்தது, சாப்பிட்டது, அவர் காலடியில் வந்து மறுபடியும் படுத்தது. இப்படியே நாட்கள் போயின. விடுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, மகளும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் இரண்டையும் நடத்திக்கொண்டு கீழே வந்தபோது, வெளியூர் போய்த் திரும்பியிருந்த ஜெரோம் மடக்கினார். "ரெண்டாவது எப்ப சார் வந்தது? அதுவும் ருமேனியாவா?"

"ஆமா. இவனோட தம்பி. அடுத்த ஃப்ளைட்ல வந்தான்."

மாடிப்படியில் இறங்கிவந்த கோகிலவாணி, "டேய் மணி!" என்றார். தம்பி கயிற்றை அறுத்துக்கொள்ளாத குறையாக ஓடிப்போய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

லக்ஷ்மிநாராயணனின் முகம் வெளிறியது. கோகிலவாணி நாயின் தலையைத் தடவியபடியே சொன்னார்: "தமிழ் நல்லாப் புரியுது சார் இதுக்கு."

வருஷக்கணக்கில் பேசாதிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சீக்கிரமே கத்துக்கிட்டான், டீச்சர்."