மணி அடித்த பிறகு நான்கு வட்டங்கள்

நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். பதினேழு வயது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எப்படி எழுதினாய் என்று கேட்பதற்குள் மகள் கொட்டிவிட்டாள். மணி அடித்து, எல்லோரையும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்ன பிறகு, விடைத்தாளில் விட்டுப்போன நான்கு வட்டங்களை நிரப்பியிருக்கிறாள். கண்காணிப்பாளர் அடுத்த வரிசையில் இருந்ததால் கவனிக்கவில்லை.

"தேர்வு நடத்துறவங்களுக்கு நடந்ததை எழுதிக் குடுத்துடலாம்மா. மிஞ்சிப்போனா ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப எழுதணும், அவ்வளவுதானே?"

ஆறு மாதம் என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாலு வட்டத்துல யார் குடியும் முழுகிடாது. வாயத் திறக்காதே. கை கழுவிட்டு சாப்பிட வா."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். போன மாதம்தான் ஒரு லாரி டிரைவர், ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சியும் தான் மசியவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"நீ வேற மாதிரி சொல்லுவேன்னு நெனச்சேன்மா" என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனாள்.

தேறிவிட்டாள். வாழ்த்துச் சொல்ல யார் அழைத்தாலும் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டுப் போய்விடுவாள். வெளியூரில் படிக்கச் சேர்ந்தபின், எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்மா" என்ற ஒரே பதில்தான்.

இரண்டாம் வருடம், அறைத்தோழி மூலம்தான் விஷயம் தெரிந்தது. மகள் இரண்டு பாடங்களில் தேறவில்லை. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அம்மா ஆய்வகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழைத்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்மா."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அம்மாவைச் சுட்டது. கூட வேலை செய்யும் நர்ஸின் மகன் அதே தேர்வை மூன்று முறை எழுதியவன். இன்று அவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த ஆறு மாதத்துக்குப் பயந்துதான் மகளின் வாயை அடைத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடா."



"பரவாயில்லம்மா" என்றாள் மகள், அறிமுகமில்லாதவர்களிடம் சொல்வதைப் போல. பிறகு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அம்மா மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகள் படிக்கும் ஊருக்குக் கிளம்பினாள். என்ன பேசுவது என்று வழி நெடுக யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.