மறுத்த மூட்டை

சீனிவாசகத்தின் வண்டி வாசலில் வந்து நின்றதும் முத்துச்செல்வி எழுந்து போய் நிலையில் கை வைத்து மறித்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவன் இரண்டு மூட்டைகளை இறக்கி, ஒன்றை அவள் காலடியில் வைத்தான். மூட்டைக்குள் வெள்ளைத் திரிக் கட்டும், பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய கரிமருந்தும் இருக்கும். மருந்தைக் குழைத்துத் திரியில் பூசி, வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்திக் கொடுத்தால் கூலி. பட்டாசுக் கம்பெனியில் செய்தாலே கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் வைத்துச் செய்வது போலீசுக்குத் தெரிந்தால் ஜெயில்தான்.

"அஞ்சு நாள்ல எடுக்க வருவேன்" என்றான் சீனிவாசகம்.

"வேண்டாம் அண்ணாச்சி. எடுத்துட்டுப் போயிருங்க."

அவன் சரியாகக் காதில் விழாதவன் மாதிரி அவளைப் பார்த்தான். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி எட்டு ஊர்களில் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பவன் அவன். யார் கம்பெனி வேனில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று சொல்பவனும் அவன்தான். அவனிடம் வேண்டாம் என்று சொன்ன பெண்கள் அந்தத் தெருவில் இல்லை.

"கம்பெனி எப்பத் தெறக்கும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் என்னத்தத் திம்ப?"

"எப்படியும் பாத்துக்கிறேன்."

"மாசம் பொறந்தா ஆயிரம் ரூவா விழுதுல்ல. அதான் பேச்சு வருது."

அவன் சொன்னது பொய்யில்லை. மாசியில் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்து ஆறு பேர் செத்த பிறகு அதிகாரிகள் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார்கள். பூட்டப்பட்டவற்றில் முத்துச்செல்வி வேலை பார்த்த கம்பெனியும் ஒன்று. புருஷன் ஊர்க்காவலனுக்குப் பதினைந்து வருஷம் கம்பெனியில் அலுமினியத் தூளைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுவிட்டது. தெருக்குழாய் வரை நடந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். மகள் இசைவாணி எட்டாம் வகுப்பு. அரசாங்கம் குடும்பத் தலைவிகளுக்குப் போடும் அந்த ஆயிரம் ரூபாய் ஏழு மாதமாக அவள் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அதை வைத்து யாரும் வாழ்ந்துவிட முடியாது. ஆனால் அரிசி ரேஷனில் கிடைத்தது. பருப்பு, எண்ணெய், புருஷனுக்கு மாத்திரை என்று ஆயிரம் ரூபாயை இழுத்துப் பிடித்தால் பாதி மாதம் ஓடியது. மீதி நாளைக் கஞ்சியும் துவையலுமாகத் தள்ளினாள்.

முன்பெல்லாம் கம்பெனி பூட்டினால் மறுநாளே வீடு மருந்து வைக்கும் கிட்டங்கியாகிவிடும். தலைக்கு மேலே கருந்திரி தொங்கும்போது அடுப்புப் பற்ற வைக்க முடியாது. டீக்கடை பன்னைத் தின்றுவிட்டு மூன்று பேரும் அதற்குக் கீழேயே படுத்துக்கொள்வார்கள். இசைவாணியின் பாவாடையில், நோட்டில், தலைமயிரில் கரி. இந்த முறை வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது. அதை அணைக்க முத்துச்செல்விக்கு மனசு வரவில்லை.

சீனிவாசகம் காலடியில் வைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கே வீரலட்சுமி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவன் இரண்டு மூட்டைகளையும் உள்ளே இறக்குவதை முத்துச்செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீரலட்சுமிக்கு அந்தப் பணம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட அன்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள், ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று மனுக் கொடுத்தார்கள். ஒருத்திக்குப் பணம் ஏறியது. மற்றவளுக்கு, குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தகுதியில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. அவள் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் லோடு அடிக்க ஒரு குட்டியானை வண்டி வைத்திருந்தான். சீக்கில் விழுந்ததும் சாத்தூரில் எவனுக்கோ விற்றான். பேர் மாற்றிக் கொடுக்கவில்லை. அவன் செத்து நாலு வருஷம் ஆகிறது. வண்டி இன்னும் அவன் பேரில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. வாங்கியவனைக் கண்டுபிடிக்க வீரலட்சுமி இரண்டு தடவை சாத்தூருக்கு அலைந்தாள். மேல்முறையீடு எழுதினாள். பதில் இல்லை.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் முத்துச்செல்வி அவள் வீட்டுக்குப் போனாள். வீரலட்சுமி கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மூட்டையவுமா வாங்குன? ஒத்தையில எப்படிக்கா முடிப்ப? வெயில் இந்தப் போடு போடுது."

"முடிக்காம? எழிலுக்குச் செருப்பு அந்து ஒரு மாசமாச்சு. வெறுங்காலோட பள்ளிக்கூடம் போறா." எழில் அவளுடைய ஒரே மகள், நாலாம் வகுப்பு. வீரலட்சுமி கயிற்றை இழுத்து முடிந்தாள். "ஒனக்கென்ன, வேண்டாம்னுட்ட. எனக்கு எவன் போடுறான்?"

அதில் பொறாமை இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போல அவள் சொன்னாள். முத்துச்செல்விக்கு, ஐநூறு நான் தாரேன், ஒரு மூட்டையையாவது திருப்பிக் குடுத்துரு என்ற பேச்சு வாய் வரைக்கும் வந்தது. வீட்டில் ஊர்க்காவலனின் மாத்திரை அட்டையில் நாலே நாலு மாத்திரைதான் இருந்தது. அவள் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

நாலாம் நாள் நண்பகலில் அது வெடித்தது. முத்துச்செல்வி ரேஷன் கடை வரிசையில் நின்றாள். சத்தம் கேட்டதும் வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் ஒரே திசையில் திரும்பினார்கள். பிறகு எல்லாரும் ஓடினார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீடாக இருக்குமோ என்றுதான் ஓடினாள். வீரலட்சுமியின் வீட்டுக் கூரை தெருவில் கிடந்தது. முத்துச்செல்வி வீட்டுப் பக்கத்துச் சுவர் விரிசல் விட்டிருக்க, ஊர்க்காவலன் இருமிக்கொண்டே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வீரலட்சுமியை நாலு பேர் கட்டிலில் வாழையிலை விரித்துக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியபடியே இருந்தாள். எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய மாதிரி இருந்தது. அலறவில்லை. "எழிலு பள்ளிக்கூடத்துலதான இருக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உயிர் நிற்கும் என்றார்கள், கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனியில் விபத்து என்றால் நிவாரணம் வரும், முதலாளியும் ஏதாவது கொடுப்பார். வீட்டில் வெடித்ததற்கு எதுவும் கிடையாது. வந்தது வழக்குத்தான். அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருந்ததாக வீரலட்சுமியின் பேரை முதல் ஆளாக எழுதியிருந்தார்கள். வார்டு வாசலில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தாள். மூட்டை கொடுத்தது யார் என்று தெருவில் விசாரித்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முத்துச்செல்வியும் தெரியாது என்றுதான் சொன்னாள்.

எழில் அவள் வீட்டுக்கு வந்தாள். மூன்று தட்டு நாலு தட்டாயிற்று. மதுரைக்குப் போய்வர பஸ்ஸுக்குக் காசு வேண்டும், பஞ்சும் களிம்பும் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். பதினைந்தாம் தேதி வந்த பணம் இருபதாம் தேதி தீர்ந்தது.

இருபத்தொன்றாம் தேதி சீனிவாசகம் வந்தான். மூட்டை கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்து வேப்பமரத்தடியில் ஊர்க்காவலன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சித்திரை பொறந்ததும் கம்பெனி தெறக்கப் போறாக. மொத வேன்ல ஒம் பொண்டாட்டி பேரு இருக்கும். அதுக்குள்ள யாராச்சும் வந்து கேட்டா, இதே மாதிரி இருந்துக்கோங்க."

அவன் போனதும் ஊர்க்காவலன் சொன்னான். "அவரு சொல்றபடி இருந்துருவம், முத்து. நாலு வயிறு."

"வீரலட்சுமியக்கா ஜெயிலுக்குப் போவா."

"நம்மளா அனுப்புறோம்?"

அவள் போய்த் தூக்குவாளியைக் கழுவி வைத்தாள். மறுநாள் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

வீரலட்சுமியின் முகம் ஒரு பக்கம் தேறியிருந்தது. கைகள் முழங்கை வரை வெள்ளைத் துணிச் சுருள். முத்துச்செல்வி கஞ்சியை ஊட்டி முடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு சொன்னாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் ஐநூறு ரூவா தாரேன், ஒரு மூட்டையத் திருப்பிக் குடுன்னு சொல்ல வந்தேன்க்கா. சொல்லல. நான் வேண்டாம்னு தள்ளுன மூட்டதான் ஒன்வீட்டுக்கு வந்துச்சு."

வீரலட்சுமி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஐநூற வாங்கியிருப்பேன். மூட்டையையும் வாங்கியிருப்பேன். ஐநூறு எத்தன நாளைக்கு?" பிறகு அவளே கேட்டாள். "எனக்கும் அந்த ஆயிரம் வந்திருந்தா, நானும் ஒன்ன மாதிரி வாசல்ல நின்னுருப்பேன்ல?"

முத்துச்செல்வி, அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் சாத்தூர் வரும்வரை அவள் ஒன்றையே யோசித்தாள். சீனிவாசகம் நினைத்தால் வேனை நிறுத்தலாம், வேலையை நிறுத்தலாம், கூலியைப் பிடித்து வைக்கலாம். பதினைந்தாம் தேதி விழுகிற அந்தப் பணத்தை அவனால் நிறுத்த முடியாது. அது அவன் கை வழியாக வருவதில்லை. நாலு வயிற்றுக்கு அது காணாதுதான். ஆனாலும் அவன் தொட முடியாத காசு என்று அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான்.

காவல் நிலையத்தில் எழுத்தர் இரண்டு தடவை கேட்டார். "யோசிச்சுச் சொல்லும்மா. கையெழுத்துப் போட்டுட்டா பெறகு மாத்த முடியாது."

"என் வீட்டு வாசல்லதான் மொதல்ல எறக்குனாரு. நான் வேண்டாம்னேன். அந்த மூட்டையவும் சேத்துத்தான் வீரலட்சுமியக்கா வீட்டுல எறக்குனாரு. பேரு சீனிவாசகம். நானே பாத்தேன்."

எழுத்தர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சீனிவாசகத்தை இரண்டாம் நாள் பிடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கில் அவன் பேர் முதலுக்கு வந்து, வீரலட்சுமியின் பேர் இரண்டாவதாக இறங்கியது. எடுத்துவிடவில்லை. தெருவில் மூட்டை வருவது நின்றது. அதோடு எல்லா வீட்டிலும் வீட்டு வேலைக் கூலியும் நின்றது. குழாயடியில் முத்துச்செல்வி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அவர்களிலும் பாதிப் பேர் அதே ஆயிரத்தை வாங்குகிறவர்கள். வட்டி கட்டவே அது சரியாகப் போகிறது.

"எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே" என்றாள் அருணாதேவி. முகாமில் எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்தவள் அவள்.

சித்திரையில் கம்பெனி திறந்தது. வேன் தெருமுனையில் நின்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. முத்துச்செல்வி ஏறக் கால் வைத்தபோது டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமலே "பேரு இல்லக்கா" என்றான். ஒரு வாரம் கழித்து விருதுநகரில் மிளகாய் வத்தல் கிட்டங்கி ஒன்றில் காம்பு கிள்ளும் வேலை கிடைத்தது. கூலி கம்பெனியில் வாங்கியதில் பாதி. அதில் பஸ்ஸுக்கே கால்வாசி போனது. விடியுமுன் போய் இருட்டித் திரும்பினாள். அந்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு முந்தின நாலு நாளும் வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். ஊர்க்காவலன் பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீதிப் பாதியை மறுநாளைக்கு வைத்தான்.

வைகாசியில் வீரலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு வீடு இல்லை. விரிசல் விட்ட சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்கும் எழிலுக்கும் பாய் விரித்தாள் முத்துச்செல்வி. வலது கை விரல்கள் நாலும் ஒட்டிப் போயிருந்தன. குட்டியானை எப்போதோ விற்றுப்போனதைச் சொல்லி அந்த ஆயிரம் ரூபாய்க்கு மறுபடியும் மனு எழுதிக் கொடுத்து, ஒரு எண் வாங்கி வைத்திருந்தார்கள்.

வந்த அன்று இரவு முத்துச்செல்வி சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினாள். மூன்றாவது வாயில் வீரலட்சுமி முகத்தைத் திருப்பினாள். புதுத்தோல் முளைத்த உதடு சிவந்து, கண்ணில் நீர் கட்டியது.

"ஒறைக்குதுளா. வெறுஞ்சோறுதான போட்ட?"

முத்துச்செல்வி தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வத்தல் காரம் போகவில்லை. தட்டை எழிலிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். எழில் சின்னச் சின்னதாக உருட்டி, அம்மா வாயில் வைக்க ஆரம்பித்தாள்.